குடிய விடறதுக்கு மீட்டிங் தேடறவங்களுக்கு: சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி எல்லைப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரளாவுல பாலக்காடு மாவட்டத்து சித்தூரும் தமிழ்நாட்டுல பொள்ளாச்சியும் சேர்ற நம்ம எல்லைப் பக்கத்துல குடிக்கறதுக்கு லீவே கெடையாதுங்க. மாசம் ஒண்ணாந்தேதி கேரளாவுல பிவரேஜ்ங்கற அரசு மதுக்கடைய மூடிட்டா வண்டிய எடுத்துட்டு எல்லை தாண்டி டாஸ்மாக் போயிடறோம், வள்ளலார் நாளுக்கோ திருவள்ளுவர் நாளுக்கோ அங்க மூடினா பொள்ளாச்சி ஆளுங்க இங்க வந்துடறாங்க. கள்ளு பத்தி சொல்லவே வேண்டாம், தமிழ்நாட்டுல 1987-லருந்து தடை, இங்க சித்தூர் தோப்புகள்ல எறக்கறது வெடியறதுக்குள்ள வண்டியேறி கேரளா பூரா போகுது. மே ஒண்ணு, காந்தி ஜெயந்தி மாதிரி ரெண்டு பக்கமும் சேர்ந்து மூடற நாள் வந்தா முந்தின நாளே வாங்கி வீட்டுல வச்சுக்கறோம். ஆக மொத்தம் குடிகாரனுக்கு இந்த எல்லை ஒரு வசதி.

அதே எல்லை குடிய விடறவனுக்கும் வசதிதான், அது நெறைய பேருக்குத் தெரியல. குடிய விடறவங்க ஒண்ணா உக்காந்து பேசற ஏஏ மீட்டிங் ரெண்டு மாநிலத்துலயும் நமக்கு பஸ் தூரத்துல இருக்கு, ஒரு பக்கம் இல்லாத நாள் இன்னொரு பக்கம் இருக்கும். "ஊர்ல எவனாச்சும் பாத்துட்டா என்ன பண்றது"ன்னு பயப்படறவங்க எல்லை தாண்டி போனா அங்க நம்மள யாருக்கும் அடையாளம் தெரியாது. எப்படி தேடறது, போன்ல என்ன கேக்கறது, உள்ள போனா என்ன நடக்கும், அப்பறம் என்ன பண்றதுன்னு மீட்டிங்குக்கு போய்ட்டு வர்ற ஆளுங்கற முறையில வரிசையா சொல்றேன். வரிசை அங்கங்க தாவும், பொறுத்துக்குங்க.

மொதல்ல ஒடம்பு, அப்பறம்தான் மீட்டிங்

இத தாண்டி போயிடாதீங்க. தெனமும் காலைல எந்திரிச்ச ஒடனே ஊத்தினாத்தான் கை நடுக்கம் நிக்குதுங்கற நெலமைல இருக்கறவங்க "இன்னையோட விட்டேன்"னு வீராப்பா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதுங்க. கடைசி கிளாஸ் குடிச்ச 6 மணி நேரத்துல இருந்து நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமில்லாம போறதுன்னு ஆரம்பிக்கும். 48 மணி நேரத்துக்குள்ள சில பேருக்கு வலிப்பு வரும். ரெண்டாம் நாள்லருந்து நாலாம் நாளுக்குள்ள சில பேருக்கு சுவத்துல பூச்சி ஊர்ற மாதிரி, வாசல்ல யாரோ நிக்கற மாதிரி எல்லாம் தெரியும், காய்ச்சல் அடிக்கும், எங்க இருக்கோம்னே தெரியாது. வீட்டுல இத பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க, அது உயிருக்கே ஆபத்து. டெலிரியம் ட்ரெமன்ஸ்னு டாக்டருங்க சொல்றது இதத்தான், இதுக்கு ஆஸ்பத்திரி பெட்தான் வைத்தியம். 108-க்கு போன் பண்ணுங்க, ரெண்டு மாநிலத்துலயும் அதே நம்பர்தான்.

அதனால நெடுநாள் குடியா இருந்தா, முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்திருந்தா, இல்ல லிவர், சுகர் பிரச்சனை இருந்தா மொதல்ல மனநல டாக்டர பாருங்க. பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரி, கோயமுத்தூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ரெண்டுமே கவர்மென்ட்தான், ஓபி சீட்டு போட்டு மனநலப் பிரிவு எங்கன்னு கேட்டா காட்டுவாங்க. சில நாளைக்கு மாத்திரை குடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, போதைய பத்திரமா எறக்குவாங்க. கேரளாவுல கலால் துறை 2016-ல ஆரம்பிச்ச விமுக்தின்னு ஒரு திட்டம் இருக்கு, ஒவ்வொரு மாவட்டத்துலயும் அதுக்கு சிகிச்சை மையம் வச்சிருக்காங்க, அவங்க இலவச நம்பர் 14405. நாடு பூராவுக்கும் போதை மறுவாழ்வு ஹெல்ப்லைன் 14446. ராத்திரி மனசு கெட்டுப்போய் என்னமோ பண்ணிக்கலாம்னு தோணுதுன்னா 14416, அது டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஆஸ்பத்திரில இருக்கும்போதே மீட்டிங் தேட ஆரம்பிச்சிடுங்க. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர்ற வழியிலயே கடை இருக்குங்க நம்ம ஊர்ல.

இந்த ஏஏ மீட்டிங்னா என்ன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏஏ. குடிய விடணும்னு நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து அவங்கவங்க அனுபவத்த பேசிக்கறது, அவ்வளவுதான். டாக்டர் இல்ல, வார்டன் இல்ல, சந்தா இல்ல, ரெஜிஸ்டர்ல கையெழுத்து இல்ல. உறுப்பினரா ஆகறதுக்கு ஒரே ஒரு தகுதிதான், குடிய நிறுத்தணும்ங்கற ஆசை. அந்த ஆசை அரைகொறையா இருந்தாலும் போதும், வீட்டுக்காரம்மா அழுததால வந்தேன்னு சொன்னாலும் உக்கார வப்பாங்க.

இது அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல 1935-ல ஆரம்பிச்சது. பில்னு ஒரு நியூயார்க் பங்கு வியாபாரி, குடிய விட்டு சில மாசந்தான் ஆகுது, பிசினஸ் விஷயமா அந்த ஊருக்கு போறாரு, காரியம் ஊத்திக்கிச்சு, கைல காசு இல்ல, ஹோட்டல் லாபில நிக்கறாரு. ஒரு பக்கம் பார்ல சிரிப்பு சத்தம் கேக்குது, இன்னொரு பக்கம் டெலிபோன். பார்க்குள்ள போகாம டெலிபோன் பக்கம் போயி, அங்க இருந்த சர்ச் நம்பருங்களுக்கு வரிசையா அடிச்சு, "எனக்கு இன்னொரு குடிகாரன் கிட்ட பேசணும், யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேட்டாராம். அப்படி கெடச்சவருதான் டாக்டர் பாப்னு ஒரு சர்ஜன். கால் மணி நேரம் பேசறேன்னு வந்த டாக்டரு மணிக்கணக்கா உக்காந்துட்டாரு. அவரு கடைசியா குடிச்ச நாள்னு சொல்ற 1935 ஜூன் 10-அத்தான் ஏஏ பொறந்த நாளா கொண்டாடறாங்க. நம்ம நாட்டுக்கு 1957-ல வந்துச்சு.

இது வேலை செய்யுதான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 2020-ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசற அமைப்பு, 27 ஆய்வுகள, பத்தாயிரத்துக்கு மேல ஆளுங்க கலந்துக்கிட்டத, ஒண்ணா வச்சு பாத்துச்சு. ஏஏவும் அதுல ஆள சேத்து விடற முறையா நடத்தற சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காம இருக்கற விஷயத்துல மத்த மனநல சிகிச்சைகள விட கொறஞ்சதில்ல, பல சமயம் மேலயே இருக்குன்னு முடிவு சொல்லுச்சு. எல்லாருக்கும் பலிக்கும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திட்டு மீட்டிங் மட்டும் போதும்னு எவனாச்சும் சொன்னா கேக்காதீங்க, அந்த அதிகாரம் ஏஏல யாருக்கும் கெடையாது.

எங்க தேடறது

மொத வேலையா ஏஏவோட இந்திய ஜெனரல் சர்வீஸ் ஆபீஸ் வெப்சைட்ட பாருங்க, மும்பைல இருக்கு அந்த ஆபீஸ். அங்க மாநிலவாரியா தொடர்பு நம்பர், மீட்டிங் லிஸ்ட் கெடைக்கும். நம்மாளுங்க பண்ற தப்பு என்னன்னா கேரளா மட்டும் பாத்துட்டு மூடிடறது. கேரளாவும் பாருங்க, தமிழ்நாடும் பாருங்க. பாலக்காடு, சித்தூர்னு தேடறப்பவே பொள்ளாச்சி, கோயமுத்தூர்னும் தேடுங்க.

லிஸ்ட்ல போட்டிருக்கறத அப்படியே நம்பி பஸ் ஏறாதீங்க. ஹால் மாறியிருக்கும், நாள் மாறியிருக்கும், சின்ன குரூப்னா நின்னே போயிருக்கும். போன் பண்ணி உறுதி பண்ணிக்கிட்டுதான் கெளம்பணும்.

வெப்சைட் எல்லாம் ஒத்து வராதுன்னா ஆளுங்க கிட்ட கேளுங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இருக்கற கவுன்சிலர், டீ-அடிக்ஷன் சென்டர் நர்ஸ், இவங்களுக்கு பக்கத்துல எங்க மீட்டிங் நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். கேரளா பக்கம் சர்ச் அச்சன் (பாதிரியார்) கிட்ட கேட்டுப் பாருங்க, நீங்க எந்த மதமா இருந்தாலும் பரவால்ல, நெறைய மீட்டிங் பாரிஷ் ஹால்லதான் நடக்குது, அவருதான் சாவி குடுக்கறவரு. ஸ்கூல் மாஷுங்களுக்கும் (வாத்தியாருங்க) தெரிஞ்சிருக்கும், ஞாயித்துக்கெழம கிளாஸ் ரூம் குடுத்திருப்பாங்க. இன்னொரு வழி இருக்கு, ஊர்ல முன்னாடி மொடாக்குடியா இருந்து திடீர்னு விட்ட ஆளு ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு. அவரத் தனியா புடிச்சு "அண்ணா, எப்படி விட்டீங்க"ன்னு கேளுங்க. முக்காவாசி அவரே வண்டில பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டுப் போயிடுவாரு.

ஆன்லைன் மீட்டிங்கும் இருக்கு, ஜூம்ல, தமிழ்லயும் மலையாளத்துலயும். வெளிய போகவே முடியாத நாளுக்கு நல்லது. ஆனா வீடியோவ ஆஃப் பண்ணிட்டு படுத்துக்கிட்டே கேக்கறதும், நாலு பேர் மொகத்தப் பாத்து உக்கார்றதும் ஒண்ணாகாதுங்கறது என் அபிப்ராயம். ஆரம்பத்துல நேர்ல போங்க.

போன்ல என்ன கேக்கணும்

நம்பர் கைல இருக்கும், நாள் கணக்கா அடிக்க மாட்டோம். அதுக்குத்தான் அந்த பில் கதைய சொன்னேன். எடுக்கற ஆளும் குடிச்சு விட்டவருதான், ஹலோ சொன்ன தோரணைலயே உங்க நெலம அவருக்கு புரிஞ்சிடும். மலையாளத்துல எடுத்தா பயந்துராதீங்க, தமிழ்லயே பேசுங்க, பாலக்காட்டுக்காரங்களுக்கு நம்ம பேச்சு நல்லாவே புரியும்.

"வணக்கம்ங்க, குடிய நிறுத்தணும், மீட்டிங் எங்க நடக்குதுன்னு சொல்லுங்க" போதும். முழுப்பேரு, வேலை, ஊரு எதுவும் சொல்ல வேண்டியதில்ல. அப்பறம் இதெல்லாம் கேட்டுக்குங்க: இன்னைக்கோ நாளைக்கோ எங்க மீட்டிங், எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு முடியும், எந்த ஸ்டாப்ல எறங்கணும், ஹால் முன்னாடியா பின்னாடியா, மீட்டிங் தமிழா மலையாளமா கலந்தா. க்ளோஸ்டா ஓப்பனான்னும் கேளுங்க. க்ளோஸ்டுன்னா குடிப்பழக்கம் இருக்கறவங்க மட்டும், ஓப்பன்னா வீட்டாளுங்க, நண்பருங்க யாரு வேணா வரலாம். தொணைக்கு மச்சானயோ தம்பியயோ கூட்டிட்டுப் போறதா இருந்தா இது முக்கியம்.

கடைசியா "நான் வர்றப்ப வாசல்ல யாராச்சும் நிப்பாங்களா"ன்னு கேட்டுடுங்க. வெக்கப்படாதீங்க. புதுசா வர்றவங்க பாதிப்பேரு கேட் வரைக்கும் வந்துட்டு திரும்பிடறாங்கன்னு அவங்களுக்கே தெரியும், ஆள் நிறுத்துவாங்க.

எந்தப் பக்கம் போறது

ரெண்டு பக்கமும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்க, அப்பறம் முடிவு பண்ணுங்க.

கேரளா பக்கம் மீட்டிங் எண்ணிக்கை அதிகம். மொழி மலையாளம், ஆனா சித்தூர் தாலுக்கால நெறைய பேர் வீட்டுல பேசறது தமிழ்தான், நீங்க தமிழ்ல ஷேர் பண்ணினா யாரும் மொகம் சுளிக்க மாட்டாங்க. புத்தகம், போர்டு எல்லாம் மலையாள எழுத்துல இருக்கும், படிக்கத் தெரியாதுன்னா தமிழ் புத்தகம் வரவழைச்சு குடுங்கன்னு கேளுங்க. தமிழ்நாட்டுப் பக்கம் படிப்பு, பேச்சு எல்லாம் தமிழ்லயே நடக்கும், மனசுல இருக்கறத அப்படியே கொட்டலாம், குடிக்கறப்ப பேசின அதே பாஷைல பேசறப்பதான் சில விஷயம் வெளிய வருது.

மொகம் தெரியக் கூடாதுன்னு நெனைக்கறவங்க, கடை வச்சிருக்கறவங்க, வாத்தியாருங்க, கட்சில இருக்கறவங்க, ஆரம்பத்துல எல்லைக்கு அந்தப் பக்கம் போங்க. பெயர் வெளிய போகாதுங்கறது ஏஏவோட அடிப்படை விதிதான், ஆனா பஸ் ஸ்டாண்டுல நிக்கற ஆளுக்கு அந்த விதி பொருந்தாதே. கொஞ்ச நாள் போனப்பறம் எப்படியும் பயம் விட்டுடும். குடிச்சுட்டு சாக்கடைல கெடந்தப்ப ஊரே பாத்துச்சு, இப்ப மீட்டிங் போறத ஒருத்தன் பாத்துட்டா என்ன?

பஸ் டைம முன்னாடியே பாத்துக்குங்க. மீட்டிங் பெரும்பாலும் சாயங்காலந்தான், முடிய ராத்திரி ஆகும், எல்லை தாண்டற கடைசி பஸ் போயிட்டா நடுரோட்டுல கடை வெளிச்சத்த பாத்துட்டு நிக்கணும். ட்ரெயின நம்பாதீங்க, பாலக்காடு பொள்ளாச்சி லைன்ல வண்டி கம்மி. சொந்த வண்டின்னா எந்த ரோட்டுல போனா கள்ளு ஷாப்பு கண்ணுல படாதுன்னு யோசிச்சு போங்க, கொஞ்சம் சுத்தினாலும் பரவால்ல. பாக்கெட்ல பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் காசு.

வாரத்துக்கு ஒரு சீட்டு போட்டு வச்சுக்குங்க, எந்த நாள் எந்தப் பக்கம்னு. மொத மூணு மாசம் முடிஞ்சா தெனமும், முடியலன்னா கெடைக்கற எல்லா நாளும். 90 நாளைக்கு 90 மீட்டிங்னு ஏஏல ஒரு வழக்கு உண்டு, நம்ம பக்கம் அது ஒரே மாநிலத்துல முடியாது, ரெண்டையும் சேத்தா ஓரளவு கிட்ட வரலாம். அந்த சீட்டுல மாசக் கடைசி நாள சிவப்பு மையில போடுங்க, மறுநாள் லீவுன்னு பிவரேஜ் வாசல்ல கியூ நிக்கற அன்னைக்கு நமக்கும் காலு தானா அங்க போகும். ஓணம், நெம்மாறா வேலா திருவிழா, பொங்கல், தீபாவளி எல்லாத்துக்கும் இதே கதை, அந்த நாளுக்கு எந்த மீட்டிங்னு முன்னாடியே முடிவாகி இருக்கணும்.

உள்ள போனா என்ன நடக்கும்

வாசல்ல செருப்பு கெடக்கும், அதப் பாத்தே எத்தன பேருன்னு தெரிஞ்சிடும். உள்ள பிளாஸ்டிக் சேர் இல்ல ஸ்கூல் பெஞ்சு, முன்னாடி ஒரு மேஜை, மேல ஒரு துணி, சுவத்துல குடிய விட்டு வாழ ஏஏ சொல்ற 12 படிகள் எழுதின பேனர் தொங்கும், மீட்டிங் முடிஞ்சா சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஓரத்துல பிளாஸ்க்ல கட்டன் சாயா, சில எடத்துல பரிப்புவடையும் இருக்கும். புதுசா வந்தவங்களுக்கு ஒருத்தர் வந்து கை குடுத்து டீ ஊத்திக் குடுப்பாரு. கை நடுங்கும் உங்களுக்கு, கிளாஸ்ல பாதி அளவுதான் ஊத்துவாரு, சிந்தாம இருக்கட்டும்னு. சொல்லாமலே தெரிஞ்சு பண்றாங்க பாருங்க.

ஆரம்பத்துல கொஞ்ச நேரம் மௌனம், ஒரு சின்ன பிரார்த்தனை, மாத்த முடியாதத ஏத்துக்கவும் மாத்த முடிஞ்சத மாத்தவும் சக்தி குடுன்னு கேக்கறது. அப்பறம் ஏஏன்னா என்னன்னு ஒரு பத்தி வாசிப்பாங்க, படிகள வாசிப்பாங்க. அதுக்கப்பறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சோ உக்காந்துக்கிட்டோ "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லி பேசுவாங்க. எப்படி இருந்தேன், என்ன நடந்துச்சு, இப்ப எப்படி இருக்கேன், ஆளுக்கு அஞ்சு பத்து நிமிஷம். நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, வாதாட மாட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு ஆளு பேசறப்ப மத்தவங்க வாய மூடிட்டு கேக்கற எடம் இது ஒண்ணத்தான் நான் பாத்திருக்கேன்.

நடுவுல ஒரு பை சுத்தி வரும். ஹால் வாடகை, டீ, புத்தகச் செலவுக்கு. இருந்தா பத்தோ இருவதோ போடுங்க, இல்லன்னா அப்படியே அடுத்தவருக்கு நகத்துங்க, யாரும் பாக்க மாட்டாங்க. புது ஆள போட வேண்டாம்னே பல எடத்துல சொல்லுவாங்க. வெளியாளு கிட்ட நன்கொடை வாங்கறதில்லங்கறது அவங்க பாரம்பரியத்துல ஒண்ணு, முதலாளி ஒருத்தர் லட்சம் குடுக்கறேன்னாலும் வாங்க மாட்டாங்க. முடிவுல எல்லாரும் கை கோத்து நின்னு மறுபடி பிரார்த்தனை, அப்பறம் டீ.

உங்க முறை வந்தா "இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொல்லிடுங்க, அது போதும். மலையாள மீட்டிங்ல "ஞான் கேள்க்கான் வன்னதாணு"ன்னு சொல்லிட்டு உக்காருங்க, சிரிச்சுக்கிட்டே விட்டுடுவாங்க. "நான் குடிநோயாளி"ங்கற வார்த்தை வாய்ல வரலன்னா சொல்லாதீங்க, கட்டாயம் இல்ல.

குடிச்சிருந்தா போலாமா? போலாம். பேசாம பின்னாடி உக்காந்து கேளுங்க, கலாட்டா பண்ணினா மட்டும் வெளிய கூட்டிட்டுப் போய் உக்கார வப்பாங்க. ஆனா வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க.

சர்ச்ல நடக்குதே, மதம் மாத்திடுவாங்களா

நம்ம கவுண்டமாரு வீடுகள்ல வர்ற மொத கேள்வி இது. இல்லீங்க. ஹால் வாடகைக்கு எடுத்திருக்காங்க, அவ்வளவுதான். பெஞ்சுல உங்க பக்கத்துல பழனிக்கு மாலை போட்டவரும் இருப்பாரு, தொழுகை முடிச்சுட்டு வந்தவரும் இருப்பாரு. படிகள்ல கடவுள்னு வரும்தான், ஆனா "நாம் அவரைப் புரிந்துகொண்ட வகையில்"னு சேத்தே எழுதியிருக்கு. சாமி நம்பிக்கையே இல்லாதவங்க அந்தக் குரூப்பையே தனக்கு மேல இருக்கற சக்தின்னு எடுத்துக்கறாங்க. அதுவும் ஒத்து வரலன்னா அந்த எடத்த காதுல வாங்காம மத்தத எடுத்துக்குங்க.

"கள்ளுதானே, அதுக்கு எதுக்கு மீட்டிங்"

இத இங்க தனியா பேசியாகணும். பிராந்திய விட்டுட்டேன், கள்ளு மட்டும்தான், அது உணவு, ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்றவங்க நம்ம பக்கத்துல ஏராளம். கள்ளு வேணுமா வேண்டாமாங்கற அரசியலுக்குள்ள நான் போகல, விவசாயி பக்கம் நியாயம் இருக்கு. ஆனா புளிச்ச கள்ளுல சாதாரணமா பீர் அளவுக்கு ஆல்கஹால் இருக்கு, ஒரு கிளாஸோட நிறுத்த முடியாத ஆளுக்கு அது உணவு ஆகாது. ஷாப்புக்கு கப்பையும் மீன்கறியும் சாப்பிடத்தான் போறேன்னு போறவங்க எத்தன பேரு சாப்பாட்டோட எந்திரிச்சு வர்றாங்கன்னு நீங்களே பாத்திருப்பீங்க. கறி வேணும்னா பார்சல் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

கள்ளு எறக்கறதே தொழிலா இருக்கறவங்க, ஷாப்புல வேலை பாக்கறவங்க நெலம கஷ்டம். பானைல கைய வச்சுக்கிட்டே வாய கட்டணும். வேலைய விட்டுடுன்னு நான் சுலபமா சொல்லிட முடியாது, சோறு அதுலதான். அப்படிப்பட்டவங்க குரூப்ல இத வெளிப்படையா பேசுங்க, அதே தொழில்ல இருந்து குடிக்காம இருக்கறவரு இருந்தா அவரு நம்பர வாங்கி வச்சுக்குங்க, முடிஞ்சா தோப்புலயே வேற வேலைக்கு மாறப் பாருங்க.

நாலஞ்சு மீட்டிங் போனப்பறம்

மொத மீட்டிங் புடிக்கலன்னு விட்டுடாதீங்க. ஒரு குரூப்ல ஒரே ஆளு முக்கா மணி நேரம் பேசிட்டே இருப்பாரு, இன்னொண்ணுல எல்லாரும் வயசானவங்களா இருப்பாங்க. நாலஞ்சு எடம் பாத்துட்டு மனசுக்கு ஒத்துப்போறத ஹோம் குரூப்பா வச்சுக்குங்க. அங்க சேர் அடுக்கறது, டீ ஊத்தறது, பேனர் மாட்டறதுன்னு ஒரு வேலை கேட்டு வாங்கிக்குங்க. வேலை இருந்தா போகாம இருக்க முடியாது.

அப்பறம் ஸ்பான்சர். உங்களுக்கு முன்னாடி விட்டு, படிகள செஞ்சு முடிச்ச ஒரு ஆளு, உங்களுக்கு வழி காட்டறவரு. ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்கு பொம்பள, இதுதான் வழக்கம். நல்லா பேசறவர தேடாதீங்க, போன எடுக்கறவர தேடுங்க. அவரு கிட்ட கடன் கேக்காதீங்க, அவரு கேட்டாலும் குடுக்காதீங்க, அந்த உறவு அன்னைக்கே முடிஞ்சிடும். குடிக்கணும்னு தோணினா கிளாஸ எடுக்கறதுக்கு முன்னாடி போன எடுக்கணும். எடுத்ததுக்கப்பறம் எவன் பேசினாலும் நம்ம காதுல ஏறாது.

வீட்டுல இருக்கறவங்களுக்கு

குடும்பத்துக்கு தனியா அல்-அனான் இருக்கு, 1951-ல ஆரம்பிச்சது, பில்லோட சம்சாரம் லோயிஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு. பசங்களுக்கு அலட்டீன். வீட்டுக்காரர் மீட்டிங் வர்றாரோ இல்லையோ நீங்க போலாம், அவரு அனுமதியும் வேண்டியதில்ல.

பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருப்பான் பாருங்க, "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்"னு. சாப்பாட்டுல பொடி கலந்து குடுக்கறது. தயவு செஞ்சு வேண்டாம்ங்க. டைசல்பிராம்னு ஒரு மாத்திரை இருக்கு, அத சாப்பிட்டுட்டு குடிச்சா மொகம் செவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கி உயிரே போகலாம், டாக்டர் மேற்பார்வைல ஆளோட சம்மதத்தோட குடுக்கறது அது. பொடில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

இன்னொண்ணு, ராத்திரியில வேன் கொண்டு வந்து ஆள தூக்கிட்டுப் போயி பூட்டி வக்கற சென்டர்கள். 2017-ல வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதுக்கெல்லாம் கட்டுப்பாடு போட்டிருக்கு. சேக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கா, டாக்டர் தெனமும் வர்றாரா, வீட்டாளுங்க பாக்க விடுவாங்களான்னு நேர்ல போயி பாருங்க. ஏஏ பேரச் சொல்லி பணம் கேட்டா அது ஏஏ இல்ல, ஏஏவுக்கு சொந்தமா சென்டரே கெடையாது.

பொம்பளைங்க விஷயம்: நம்ம பக்கம் குடிப்பிரச்சனை இருக்கற பொம்பளைங்க இருக்காங்க, தோட்டத்து வேலைலயும் இருக்காங்க, பெரிய வீட்டுலயும் இருக்காங்க, வெளிய வர்றதில்ல. போன்ல கேட்டா லேடி மெம்பர் ஒருத்தர் நம்பர் குடுப்பாங்க, அவங்க கூட மொதல்ல பேசுங்க. பெண்களுக்கு மட்டும்னு நடக்கற ஆன்லைன் மீட்டிங் இருக்கு, ஆரம்பிக்க அது தோது.

நடுவுல குடிச்சுட்டா

சிலிப்னு சொல்லுவாங்க. அடுத்த நாளே திரும்பிப் போங்க, ஒரு வாரம் கழிச்சு போலாம்னு தள்ளாதீங்க. ஏன்டா குடிச்சன்னு யாரும் கேக்க மாட்டாங்க, எப்ப வந்தீங்கன்னு டீ குடுப்பாங்க. ரெண்டு மூணு நாளா தொடர்ந்து குடிச்சிருந்தா மறுபடி நிறுத்தறப்ப அந்த நடுக்கம் வலிப்பு ஆபத்தும் மறுபடி வரும், மொதல்ல சொன்ன ஆஸ்பத்திரி விஷயம் அப்பவும் பொருந்தும்.

பக்கத்துல மீட்டிங்கே இல்லன்னா

ரெண்டு பேரு சேந்தா ஒரு மீட்டிங்தான். வேற ஊர் குரூப்ல சில மாசம் போயி நடைமுறைய கத்துக்கிட்டு, பழைய மெம்பர் ஒருத்தர தொணைக்கு வச்சுக்கிட்டு உங்க ஊர்லயே ஆரம்பிக்கலாம். லைப்ரரி, பாரிஷ் ஹால், ஸ்கூல், எங்க வேணா கேளுங்க, பஞ்சாயத்து மெம்பர் கிட்ட சொன்னா எடம் புடிச்சுக் குடுப்பாரு. கட்சி ஆபீஸ் மட்டும் வேண்டாம், பாதிப்பேரு வர மாட்டான். புத்தகம், பேனர் எல்லாம் ஜெனரல் சர்வீஸ் ஆபீஸ் மூலமா வாங்கலாம், நம்ம பக்கத்துக்கு தமிழும் மலையாளமும் ரெண்டு செட் வாங்குங்க. நாளும் நேரமும் மாத்தாதீங்க, கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடியற மாதிரி வைங்க. ரூம் சும்மா குடுத்தாலும் மாசம் ஒரு தொகைய வாடகையா குடுத்து ரசீது வாங்கிடுங்க, நாளைக்கு கமிட்டி மாறினாலும் எடம் நம்ம கைல நிக்கும்.